வண்டுச் சுருதி

வெள்ளவத்தையில் ஃபேன் போடாமல் குடியிருக்கிறவர்கள் யார் யார் என்று தேடிப் போனால் சிவக்கொழுந்து ஒருத்திதான் தேறுவாள். சித்திரை வெக்கையிலும் யன்னல்களை விரியத் திறந்துவிட்டு, பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு இருப்பாள். ஃபிரிட்ஜ் அவள் வீட்டுக் குசினியில் இல்லை. படுக்கையறைக்கு ஆகத் தூரமான இடம் என்று வாசற்கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றக் குனிந்து அதில் தலையை முட்டிக்கொள்வார்கள். மகள் மிதுனா கல்கிசையில் ஒரு கம்பனியில் நாள் முழுக்க ஏசிக்குள் இருந்துவிட்டு வருவாள். வந்ததும் கேட்பாள்: "அம்மா, இது வீடோ, பாண் சுடுற போறணையோ?"

சிவக்கொழுந்து மட்டையை அவளிடம் நீட்டுவாள். காரணம் இருவருக்கும் தெரியும். விடாமல் இரைகிற எதையும் அவளால் தாங்க முடியாது.

வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் தலைக்கு மேலே ஆளில்லாத சின்ன விமானம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. சனம் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தது. வண்டு குண்டு போடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும். அது பார்த்துவிட்டுப் போன இடத்துக்கு ஷெல் வரும். ஆகவே வண்டு இரைந்தால் முதல் வேலை அடுப்பை அணைப்பது, புகை தெரியக்கூடாது. இரண்டாவது, கொடியில் வெள்ளைத் துணி கிடந்தால் இழுத்து எடுப்பது. பிறகு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்குவது. வண்டுக்குக் கண் மட்டும்தானா, காதும் உண்டா என்று சனத்துக்குள் ஒரு வாக்குவாதம் ஓயாமல் நடந்தது. சிவக்கொழுந்து காது உண்டு என்ற கட்சி.

புருஷன் இரத்தினசிங்கத்தை அங்கே பறிகொடுத்துவிட்டு, ஏழு வயது மிதுனாவோடு கொழும்புக்கு வந்தவள் அவள். இப்போது ஐம்பத்தாறு வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தில் பதினொரு வருடமாக வேலை. யார் யாரோ கதைத்த ஒலிப்பதிவுகளைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் அடிக்க வேண்டும். விளங்காவிட்டால் அடைப்புக்குறிக்குள் 'தெளிவில்லை' என்று போட வேண்டும். பேச்சல்லாத எல்லாவற்றுக்கும், நாய் குரைத்தாலும் மழை பெய்தாலும் ஆள் அழுதாலும், ஒரே சொல்: 'சத்தம்'. சிவக்கொழுந்தின் பிரதியில் 'தெளிவில்லை' வருவது அபூர்வம். மற்றவர்கள் கைவிட்ட பதிவுகள் அவளுடைய மேசைக்குத்தான் வரும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, மத்தியானம் திரும்பிய நேரம், அவள் பருப்பு அவித்துக்கொண்டிருந்தாள். அப்போது வண்டு வந்தது. கை தானாகப் போய் காஸ் அடுப்பை நூர்த்தது. பல்கனிக்கு ஓடி, கொடியில் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை இழுத்தாள். கிளிப்புகள் தெறித்து மூன்று மாடிக்குக் கீழே விழுந்தன. விரிப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் குந்திவிட்டாள். கடற்கரைப் பக்கம் ரயில் கடகடவென்று போன பிறகுதான் தான் இருப்பது எந்த ஊர் என்று நினைவு வந்தது.

சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஹமீமாவும் அவள் மகள் றுஷ்னாவும் இருக்கிறார்கள். பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்குப் புக்கை போகும், அந்த அளவுப் பழக்கம். றுஷ்னாவுக்கு முப்பது வயது இருக்கும். விளம்பரங்களுக்குச் சத்தம் சேர்க்கிற ஸ்டூடியோ ஒன்றில் வேலை. ஹமீமாவுக்குக் காது மந்தம். அந்த வீட்டில் சமாதானம் நிலவுவதற்கு அதுதான் காரணம் என்று மாடிக்காரர் எல்லாரும் சொல்வார்கள்.

றுஷ்னா கதவைத் திறந்ததும் சிவக்கொழுந்து கேட்டாள். "என்ன சத்தம் பிள்ளை அது?"

"சொறி ஆன்ட்டி, கூடிட்டா? ஹெட்ஃபோன் ஒடஞ்சி போச்சி. அதான் ஸ்பீக்கர்ல போட்ட."

"என்னண்டு கேட்டனான்."

"மியூசிக் ஆன்ட்டி. ட்ரோன் மியூசிக்."

"ட்ரோனோ?"

"ஐயோ, பறக்கிற ட்ரோன் இல்ல. ஒங்கட ஆக்கள் பாட்டுக்குச் சுருதி போடுவாங்களே, அது மாதிரி. ஒரே நோட்டு மட்டும் போய்க்கொண்டே ஈக்கும். பாட்டு வராது."

"கடைசி வரைக்கும் வராதோ?"

"வராது. அம்பது நிமிஷம்."

"இந்தச் சத்தத்துக்குக் கீழை நாங்கள் அஞ்சு மாசம் கிடந்தனாங்கள். நீங்கள் விரும்பிக் கேக்கிறியள்" என்று சிவக்கொழுந்து சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். பருப்பு பாதி வெந்தபடியே கிடந்தது.

அதற்குப் பிறகு மூன்று கிழமை பக்கத்து வீட்டில் மூச்சுப்பேச்சில்லை. படியில் எதிரே வந்தால் றுஷ்னா சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். ஆனால் சிவக்கொழுந்துக்கு ஒரு உறுத்தல். அன்று அந்த இரைச்சலுக்குள் இன்னொன்று இருந்தது. வண்டில் கேட்டிராத ஒன்று. அடியில் ஏதோ மெதுவாக நகர்ந்தது. குளியலறையில் விரிப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தபோதே காது அதைப் பிடித்துவிட்டது, புத்திக்குத்தான் பிடிபடவில்லை. மற்றவர்கள் கைவிட்ட பதிவுகளையே சீவியமாகக் கொண்டவளுக்கு ஒன்றைத் 'தெளிவில்லை' என்று விட்டுவிட்டுப் போகத் தெரியாது. அவளுடைய குணத்தில் நல்லதும் அதுதான், கெட்டதும் அதுதான்.

நாலாவது சனிக்கிழமை, வேலை செய்கிற கந்தோரில் தனக்குத் தந்திருந்த பழைய ஹெட்ஃபோனைக் கொண்டுபோய் றுஷ்னாவிடம் நீட்டினாள். "இதை வைச்சுக்கொள்ளு. அண்டைக்குப் போட்டதை ஒருக்கா போடு. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்ரை கையிலை இருக்கவேணும்."

அன்று நாற்பது செக்கன் தாங்கினாள். அடுத்த சனிக்கிழமை இரண்டு நிமிடம். வாசற்கதவு திறந்தபடி கிடக்க, ஒலி கூட்டுகிற திருகில் விரலை வைத்துக்கொண்டு, எழும்பி ஓட ஆயத்தமாகக் கதிரை நுனியில் இருந்து கேட்டாள். ஒரு மாதத்தில் கதவை மூடச் சொன்னாள். ஹமீமா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னதான் கேக்கிறீங்களோ, எனக்கு ஒண்டும் வெளங்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் ஒருத்திதான் அதைக் கவலையில்லாமல் சொல்லக்கூடியவள்.

றுஷ்னா போட்டுக் காட்டியவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எங்கேயோ பனி நாட்டில் ஒருவர் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரலை எடுத்தார். "இவருக்கு மல்லித் தண்ணி அவிச்சுக் குடுக்க ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டாள் சிவக்கொழுந்து. தோல் பையை அக்குளில் அமுக்கி ஊதுகிற வாத்தியம் வந்தது. மரக்குழாய்க்குள் மூச்சு விடாமல் ஊதினார்கள். ஒரு தேவாலயத்து ஓர்கனில் யாரோ இரண்டு கட்டைகளை அமுக்கிவிட்டு ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்தார். றுஷ்னாவே செய்தது ஒன்றும் இருந்தது. கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகத்தில் கப்பல் ஊதுவதையும் கொட்டாஞ்சேனை ட்ரான்ஸ்ஃபோமர் உறுமுவதையும் பதிந்து, இழுத்து இழுத்து நீட்டியிருந்தாள். அதைக் கேட்டு முடித்த சிவக்கொழுந்து, தான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் இப்படி ஒன்று இருக்கிறதென்று பதினொரு வருடமாகத் தெரியாமல் போய்விட்டதே என்று சொன்னாள். உண்மையாகவே வெட்கப்பட்டாள்.

கேட்டதை எல்லாம் கந்தோர்ப் பழக்கத்தில் ஒரு கொப்பியில் நிமிடம் போட்டு எழுதினாள். முதல் பக்கங்களில் '00:00 முதல் 50:00 வரை சத்தம்' என்று ஒரே வரி. பிறகு வரிகள் கூடின. '04:10, கீழே இன்னொன்று சேர்கிறது.' '11:30, மேலே உள்ளது மெலிகிறது.' 'சத்தம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுத முடியாது என்று விளங்கியபோது அவளுக்கு எரிச்சல் வந்தது.

"உள்ளுக்கை ஒண்டு அடிக்குது, நெஞ்சு அடிக்கிற மாதிரி. அது என்ன?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு நோட்டு கிட்டக்கிட்ட வந்தா அப்படித்தான் ஆன்ட்டி. ரெண்டும் சரியா ஒண்டாப் போனா அடிக்கிறது நிண்டுடும். நான் மெஷின்ல பாத்துத்தான் கண்டுபிடிக்கிற. ஒங்களுக்கு எப்படிக் கேட்டது?"

"கேட்டது, அவ்வளவுதான்" என்றாள் சிவக்கொழுந்து. வீட்டுக்கு வந்து மிதுனாவிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். மிதுனா தாயை ஒருமாதிரிப் பார்த்தாள்.

மிதுனாவுக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமானது. மண்டபம் எடுத்த அன்று அவள் தாயிடம் ஒன்று கேட்டாள். "அப்பாவின்ரை குரல் உங்களிட்டை இருக்கெல்லே. அதைத் துப்புரவாக்கித் தாங்கோ. தாலி கட்ட முதல் மண்டபத்திலை போடவேணும்."

இருந்தது. நகத்தளவு மெமரி கார்ட் ஒன்றில் பதினொரு நிமிடம். கடற்கரையோரப் பங்கரில் ஒரு மத்தியானம், கதைக்க உதவாமல் போய்விட்ட தொலைபேசியில் இரத்தினசிங்கம் தானே பதிந்தது. மிதுனாவை நித்திரையாக்க அவரே கட்டின தாலாட்டு. அவர் சங்கக்கடையில் நிறுத்துக் கொடுக்கிற வேலை செய்தவர், சங்கீதம் படித்தவர் அல்ல. ஆனால் பாடத் தொடங்கினால் நிற்க மாட்டார். தான் இல்லாத நேரம் பிள்ளைக்குப் போட்டுக் காட்டு என்று சொல்லித்தான் பதிந்தார். பின்னணியில் வண்டு இரைந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டாவது செக்கனில் சிவக்கொழுந்தின் குரல் வரும்: "நிப்பாட்டுங்கோ, வண்டுக்குக் கேக்கும். வாயை மூடுங்கோ." பாட்டு நின்றுவிடும். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலையில் அவர் தண்ணீர் எடுக்க வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்தது. இடையில் அவர்கள் இருவரும் ஏதாவது கதைத்திருப்பார்கள், சாப்பிட்டிருப்பார்கள். அவளுக்கு ஒன்றுகூட ஞாபகமில்லை. ஞாபகத்தில் கடைசியாக நின்றது வாயை மூடச் சொன்னதுதான். பாட்டை விட்டால் வேறொன்றும் இல்லாத மனிதனை வாயை மூட வைத்து அனுப்பியவள் தான் என்று பதினாறு வருடமாக நம்பினாள். யாருக்கும் சொன்னதில்லை. அந்தப் பதிவை மொத்தமாக இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவையும் தன் குரல் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

கார்ட்டை றுஷ்னாவிடம் கொடுத்து, என்ன வேண்டும் என்பதை மட்டும் சொன்னாள். பாட்டு இருக்கிற முதல் இரண்டு நிமிடம் போதும். இரைச்சல் வேண்டாம். தன் குரலும் வேண்டாம்.

"ஈஸி ஆன்ட்டி. ஒரே மாதிரி வார சத்தத்த எடுக்கிறது சின்ன வேலை" என்றாள் றுஷ்னா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூப்பிட்டாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சிவக்கொழுந்து கேட்டாள். வண்டு இல்லை. குரல் மட்டும் பளிச்சென்று வந்தது. உதடு பிரிகிறதுகூடக் கேட்டது. அவளுக்கு முகம் சுருங்கியது.

"இது அவர் இல்லை."

"அவர்தான் ஆன்ட்டி. நான் கொரல்ல கை வைக்கல்ல."

"குரல் அவரின்ரைதான். ஆனால் அந்தரத்திலை நிண்டெல்லே பாடுறார். காலுக்குக் கீழை ஒண்டுமில்லை." ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை விலக்கினாள். "நீ கழிச்சு எடுத்ததை என்ன செய்தனி?"

"அது வேறயா சேவ் ஆகி ஈக்கி."

"அதைப் போடு."

வண்டு தனியாக வந்தது. திருகில் விரல் இருந்தது, அவள் குறைக்கவில்லை. "இப்ப ரெண்டையும் சேத்துப் போடு" என்றாள். சேர்ந்ததும் இரத்தினசிங்கம் தரையில் நின்றார். ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் அவர் குரல் வந்து வண்டின் மேல் அப்படியே குந்தியது. ஒரு தடவை இரண்டு தடவை என்றால் தற்செயல் என்று விடலாம். எல்லா வரியும் அங்கேதான் வந்து முடிந்தது. சனத்தைக் கொல்ல வழிகாட்டுகிற சாமானிடமிருந்து மனிதன் சுருதி எடுத்திருக்கிறார். பயத்தில் அவள் அந்தப் பக்கமே காது கொடுக்காமல் இருந்தபோது, அவர் அதைக் கேட்டுக்கொண்டு, அதற்குச் சேர்த்துப் பாடியிருக்கிறார்.

றுஷ்னாவுக்கும் விளங்கிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்தாள். "மீதி ஒம்பது நிமிஷத்த நானும் கேக்கல்ல ஆன்ட்டி. நீங்க வேணாம் எண்டு சொன்னீங்க தானே."

"போடு."

ஸ்பீக்கரில் போட்டார்கள். ஒன்று ஐம்பத்திரண்டில் நாற்பது வயதுச் சிவக்கொழுந்து, வாயை மூடச் சொன்னாள். பாட்டு நின்றது. வண்டு இரைந்தது. சிவக்கொழுந்து எழும்பி ஓடாமல் இருந்து கேட்டாள். மூன்றாவது நிமிடத்தில் இரைச்சலுக்குள் ஏதோ அடித்தது. நெஞ்சு அடிக்கிற மாதிரி, முதலில் வேகமாக, பிறகு மெல்ல மெல்ல. பிறகு அடிப்பது நின்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். றுஷ்னா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிவக்கொழுந்து கையைக் காட்டி நிறுத்தினாள்.

சத்தம் ஒருகணம் மெலிந்து மறுபடி நிறைந்தது. கொஞ்சநேரத்தில் மறுபடியும் அப்படி. வண்டு மூச்சு எடுக்காது. மூச்சு எடுக்கிறவர் இரத்தினசிங்கம். வாயை மூடச் சொன்னாள், மூடினார். மூடிய வாயோடு, வண்டு எந்தக் குரலில் இரைந்ததோ அதே குரலில், அதற்குக் கீழே ஒளித்துக்கொண்டு முனகிக்கொண்டே இருந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு முழம் தள்ளிப் படுத்துக் கிடந்தவளுக்கே கேட்காத அளவுக்கு. எத்தனை கெட்டித்தனம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததே என்று பயமாகவும் இருந்தது.

எட்டாவது நிமிடத்தில் வண்டு தூரப் போகத் தொடங்கியது. அதன் இரைச்சல் தேய்ந்து, கடல் பக்கமாக இறங்கி, இல்லாமல் போனது. முனகல் மட்டும் அதே இடத்தில் நின்றது. கேட்க வேறொன்றும் இல்லாமல், தனியாக, ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றது. பிறகு அதுவும் ஓய்ந்து, பேச்சுக் குரல் வந்தது.

"போயிட்டுது. கொழுந்து, இனிப் பாடட்டோ?"

நித்திரையில் குழறுகிற பெண் குரல் பதில் சொன்னது. "நாளைக்குப் பாடுங்கோ. இப்ப பிள்ளை நித்திரை."

"சரி. நாளைக்கு."

டிக் என்று ஒரு சத்தம். பதிவு முடிந்தது.

றுஷ்னா எழும்பி வந்து பக்கத்தில் இருந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். சிவக்கொழுந்து அழவில்லை. பதினாறு வருடமாகத் தூக்கிச் சுமந்த குற்றம் அந்தப் பதினொரு நிமிடத்தில் கழன்று விழுந்துவிட்டது. கோபமில்லாமல், விளையாட்டுக் குணத்தோடு, அவளிடம் கேட்டுவிட்டுத்தான் மனிதன் பேசாமல் இருந்திருக்கிறார். அது ஆறுதலாக இருக்க வேண்டும். ஆனால் அவள் அவரிடம் சொன்னது நாளைக்கு என்று. வாயை மூடச் சொன்னதைத் தாங்கப் பழகிவிட்டிருந்தாள். இதைத் தாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மிதுனா முழுவதையும் ஒருதடவை கேட்டாள். தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நெடுநேரம் கிடந்தாள். "இது மண்டபத்திலை போடுறதில்லை அம்மா" என்று அவளாகவே சொன்னாள். வன்னியிலிருந்து வந்த சொந்தக்காரர் பந்தியில் இருப்பார்கள், அந்தச் சத்தம் வந்தால் அவர்கள் கூரையைத்தான் பார்ப்பார்கள். கல்யாணம் மேளம், நாதஸ்வரத்தோடு நடந்து முடிந்தது. மிதுனா புருஷனோடு களுபோவிலப் பக்கம் வீடெடுத்துப் போய்விட்டாள்.

சிவக்கொழுந்து இப்போதும் சனிக்கிழமைகளில் றுஷ்னா வீட்டுக்குப் போகிறாள். புதிது புதிதாக எதை எதையோ கேட்டு, முகத்தைச் சுளித்து, கொப்பியில் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டில் தனியாக இருந்து அந்தப் பதினொரு நிமிடத்தைப் போடுகிறாள். வண்டு இரைகிறது, தேய்கிறது. முனகல் தனியாக நிற்கிறது. பிறகு அவர் கேட்கிறார், இனிப் பாடட்டோ என்று. சிவக்கொழுந்து ஒவ்வொரு தடவையும் முந்திக்கொண்டு, வாய் திறந்து, "பாடுங்கோ" என்று சொல்கிறாள். எந்த இடத்தில் கேட்பார் என்று தெரியும், அதனால் பிந்துவதே இல்லை. ஆனால் அவர் பங்கருக்குள் நித்திரையில் கிடக்கிற மற்றக் கொழுந்துக்குத்தான் பதில் சொல்கிறார்.